மட்டக்களப்பில் ஒரு பழைய வேகக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் 2009ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 335ஐ (335i) ஒன்று ஆறு வருடமாக நிற்கிறது. மூன்று லீற்றர் எஞ்சின், இரண்டு டர்போ, 306 குதிரைவலு. பெற்றோல் செட்டிலும் கல்யாண வீட்டிலும், சில நேரம் செத்த வீட்டிலும்கூட ஆட்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. கைக்காசைக் கொடுத்துப் படித்தவன்.

மட்டக்களப்பில் இப்படியொரு கார் வைத்திருக்க முடியுமா?

முடியும். ஆனால் இந்தக் கார்களின் ஏஜென்ட் கராஜ்கள் கொழும்புப் பக்கம், நாம் இருப்பது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. கீழே வரும் பதில்களில் பாதி இந்தத் தூரத்தால் வந்தவை. கொழும்பில் இருப்பவருக்கு அரை நாள் வேலை, நமக்கு கரியர் லொறி வாடகையும் இரண்டு நாள் லீவும் சேர்ந்த வேலை. எது அதிக வேகம் என்று கேட்பதற்கு முன், எது நடு வழியில் கைவிடாது, கைவிட்டாலும் நம்ம ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவரால் கழற்றிப் பூட்டக்கூடியது எது என்று கேளுங்கள்.

பின்னால் ஏ.எம்.ஜி. (பென்ஸின் வேக வகை) என்று போட்டிருக்கிறது, விலையும் பரவாயில்லை. எடுக்கலாமா?

முதலில் காரின் பதிவுப் புக்கைப் பாருங்கள். நம் நாட்டில் இறக்குமதி வரி எஞ்சினின் சி.சி.யைப் பொறுத்தது. அதனால் இங்கே வந்த பென்ஸ், பி.எம்.டபிள்யூக்களில் பெரும்பாலானவை சின்ன எஞ்சின் உள்ளவை. உடுப்பு மட்டும் வேறு. ஏ.எம்.ஜி. லைன், எம் ஸ்போர்ட் என்பவை பம்பர், சக்கரம், ஸ்டியரிங், கொஞ்சம் இறுகிய சஸ்பென்ஷன். எழுத்து ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

உண்மையான சி 63 என்றால், 2008 முதல் 2014 வரை வந்த உருவத்தில், புக்கில் 6,208 சி.சி. என்று இருக்கும். அதே உடம்பில் வந்த சி 180 இன் புக்கில் 1,600ஐயோ 1,800ஐயோ ஒட்டிய ஏதோ ஒரு எண் இருக்கும். ஆனால் இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. ஏ 45 ஏ.எம்.ஜி.யும் ஏ 250உம் இரண்டுமே 1,991 சி.சி. ஒன்றில் 360 குதிரைவலு, மற்றதில் 211. அப்படியான இடத்தில் 17 எழுத்துச் சேசிஸ் இலக்கத்தை வைத்துக் கார் கம்பனியிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். விற்பவர் அந்த இலக்கத்தைத் தரத் தயங்கினால் அதுவே பதில்.

அப்படியானால் எதை வாங்கலாம், எதை விடலாம்?

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. உச்சியில் இருப்பதற்கு ஒரு படி கீழே உள்ளதை வாங்குங்கள். மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ: இந்த வகைதான் நமக்கு. பி.எம்.டபிள்யூ 335ஐ, அதற்குப் பின் வந்த 340ஐ, பென்ஸில் சி 43. இவற்றின் எஞ்சின் சாமான்களில் பல அதே கம்பனியின் வேறு மொடல்களுக்கும் பொதுவானவை, அதனால் தேடினால் கிடைக்கும். 340ஐ இல் இருக்கும் பி 58 எஞ்சினுக்கு நல்ல பெயர். பட்ஜெட் இடம் கொடுத்தால் என்னுடையதைவிட அதுவே மேல். என் காரின் என் 54 எஞ்சினில் உயர் அழுத்த பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), மின்சார வோட்டர் பம்ப் நான்கும் பேர்போன நோய்கள். தெரிந்துதான் வாங்கினேன். தெரிந்த நோய்க்கு மருந்து உண்டு.

உச்சியில் இருப்பவற்றின் கதை வேறு. 2007 முதல் 2013 வரை வந்த எம் 3 இன் நான்கு லீற்றர் வி 8, 2005 முதல் 2010 வரை வந்த எம் 5 இன் ஐந்து லீற்றர் வி 10 இரண்டும் கேட்கக் கேட்க ஆசை தரும் எஞ்சின்கள். வி 10 எட்டாயிரம் சுற்றைத் தாண்டும். ஆனால் இரண்டிலும் பிக் எண்ட் பெயாரிங் (கொனெக்டிங் ரொட்டின் அடியில் இருப்பது) தேயும். எத்தனையோ பேர் எஞ்சின் நல்லாக இருக்கும்போதே முன்கூட்டி அதை மாற்றுகிறார்கள். விட்டால் எஞ்சினே போகும் என்பதால்தான். எம் 5 இல் அதோடு எஸ்.எம்.ஜி. எனும் கிளட்ச் பெடல் இல்லாத கியர்பொக்ஸின் ஹைட்ரோலிக் பம்பும் சேர்ந்துகொள்ளும். சி 63 இன் 6.2 லீற்றர் எஞ்சினில், 2011க்கு முந்தியவற்றில், சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் பலவீனம். உடைந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். போல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் பிரச்சினை இல்லை அண்ணன்' என்பது பில் அல்ல.

போர்ஷே பொக்ஸ்டர், 911 பார்க்கிறவர்கள்: 1997 முதல் 2008 வரையிலான பெரும்பாலான சாதாரண எஞ்சின்களில் இடைத்தண்டுப் பெயாரிங் ஒன்று உடைந்து எஞ்சினைக் கொண்டுபோகக்கூடும். டர்போவும் ஜி.டி. 3உம் அதில் சேராது. முதல் வரிசை வி 8 கயேனில் எஞ்சின் நடுவே ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிக்கும். அலுமினியக் குழாய் போட்டிருந்தால் நிம்மதி. ரேஞ்ச் ரோவர் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பக்கத்து வீட்டுக்காரர் வாங்கட்டும், நாம் ஏறிப் போவோம்.

லெக்ஸஸ் கிடைத்தால் யோசிக்கலாம். டொயோட்டா பழகிய பாஸ்மாருக்கு அது அந்நியம் இல்லை.

விலை ஏன் காரின் நிலைமையோடு பொருந்துவதே இல்லை?

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். பழைய காரை இறக்க வயதெல்லையும் உண்டு. ஆகவே 2010ஆம் ஆண்டு வேகக் கார் வேண்டுமென்றால் ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவற்றில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். பிரித்தானியாவிலோ ஜப்பானிலோ இந்தக் கார்களின் விலை வயதோடு சரிந்து விழும். இங்கே அன்று கட்டிய வரி விலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்த காருக்கும் நல்ல காருக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருப்பது அதனால்தான். அந்த வித்தியாசத்துக்குப் பேரம் பேசி நல்ல காரை விட்டுவிடாதீர்கள்.

என் கணக்கு இது: கையில் இருக்கும் காசை நாலாகப் பிரித்து, மூன்று பங்குக்குக் கார், ஒரு பங்கு முதல் வருடத் திருத்தத்துக்கு. நாலு பங்கையும் காருக்கே கொடுத்தால், லீசிங்கும் கட்டிக்கொண்டு வோட்டர் பம்புக்கு மனைவியின் சங்கிலியைப் பார்க்க வேண்டிவரும்.

கொழும்புக்குப் போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று. போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். எஞ்சினின் உண்மைக் குரல் குளிரில்தான் கேட்கும். செயின் சலசலப்பு, டர்போ வேஸ்ட்கேட்டின் கிலுகிலுப்பு, நீலப் புகை எல்லாம் முதல் அரை நிமிடத்திலேயே தெரியும். பிறகு பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒரு தடவை அக்சிலரேட்டரை அழுத்துங்கள். அப்போது நீலப் புகை அள்ளிக்கொண்டு வந்தால் வால்வு சீல் போய்விட்டது.

அடுத்தது ஸ்கேனர். காரின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஒரு சின்ன ஓ.பி.டி. கருவியும் கைத்தொலைபேசியும் போதும். பிழைக் கோட் ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். அதே கருவியில் 'ரெடினஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. கோட்டை அழித்தால் அந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். கார் பல நாள் ஓடின பிறகே ஒவ்வொன்றாக முடியும். எல்லாமே முடியாமல் கிடந்தால் நேற்றோ இன்று காலையிலோ யாரோ கோட் அழித்திருக்கிறார்கள். நான் இரண்டு கார்களை இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே விட்டு வந்தேன்.

கியர்பொக்ஸ் சூடான பிறகும் ஓட்டிப் பாருங்கள். குளிரில் ஒழுங்காக மாறும் கியர், அரை மணி நேரக் கொழும்பு நெரிசலுக்குப் பிறகு உதைக்கத் தொடங்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாலு டயரும் நாலு பிராண்ட் என்றால் வைத்திருந்தவர் மற்ற எல்லாவற்றிலும் அப்படித்தான் செலவழித்திருப்பார்.

மீட்டர் குறைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெர்மன் கார்களில் பலவற்றில் ஓட்டத் தூரம் ஒன்றுக்கு மேற்பட்ட கொம்பியூட்டர்களில் பதிவாகும். மீட்டர் பலகையில் குறைத்தவர் மற்ற இடங்களை மறந்திருப்பார். அந்தப் பிராண்டுக்கே உரிய ஸ்கேன் உள்ளவரிடம் காட்டினால் தெரியும். ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள், தூரமும் தரமும் அதில் இருக்கும். அப்புறம் கண்ணும் பேசும். ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகாது.

வெள்ளத்தில் கிடந்த கார் என்று சந்தேகம். எப்படிப் பார்ப்பது?

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவெல பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் வெள்ளம் வராத காலம் இல்லை. 2024 நவம்பரில் நம் பக்கமே தண்ணீரில் கிடந்தது. மூழ்கிய காரைக் கழுவி, வாசனை அடித்து, தூர இடத்தில் விற்பார்கள். அந்தத் தூர இடம் நாமாகவும் இருக்கலாம்.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். பூட்டில் ஸ்பெயார் சக்கரக் குழியின் கம்பளத்தைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டில் துரு, லைட்டுக்குள் நீராவி, உள்ளே அளவுக்கு மீறிய வாசனைத் தெளிப்பு. இந்த வகைக் காரில் இது சாதாரணக் காரைவிட மோசம். ஏனென்றால் கொம்பியூட்டர்களில் சில கம்பளத்துக்கு அடியிலும் பூட்டிலும்தான் இருக்கின்றன. தண்ணீர் காய்ந்தாலும் உள்ளே பச்சை பூத்துக்கொண்டே போகும்.

ஆவணத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த பத்திரத்தோடு மட்டும், வாங்க வேண்டாம். இருந்த இடத்தில் மூன்று பேர் கைமாறியும் பதிவு முதல் ஆளின் பெயரிலேயே நிற்கும். அவர் வெளிநாடு போயிருப்பார், அல்லது உலகத்தை விட்டே போயிருப்பார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைக் கொடுத்தால் எஞ்சின் இலக்கம், மொடல் ஆண்டு, முழு உரிமையாளராக லீசிங் கம்பனி ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் காட்டும். காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள். வரிச் சலுகைப் பெர்மிட்டில் வந்த கார் என்றால் பெயர் மாற்றத் தடைக் காலம் முடிந்ததா என்றும், பழைய வருடங்களின் ஆடம்பர வரி பாக்கி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பாக்கி காரோடுதான் வரும். வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்தை நம் பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம், புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இருந்தால் சரி.

92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கலாமா?

அவசரத்துக்கு அடிக்கலாம், பழக்கமாக்க வேண்டாம். டர்போ எஞ்சினில் 92 அடித்தால் நொக் சென்சர் பற்றவைப்பைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். அதற்கு விலையாக வலு குறையும், சூடு கூடும். காசு கொடுத்து வாங்கிய வலுவைச் செட்டிலேயே திருப்பிக் கொடுத்த மாதிரி. 95 எல்லாச் செட்டிலும் எந்நேரமும் இருக்காது, ஆகவே பாதித் தாங்கிக்குக் கீழே இறங்கவிடாமல் அடித்துக்கொள்ளுங்கள். 2022 நெருக்கடியில் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்த நாட்களில் என் கார் முற்றத்தில் போர்வைக்குள் தூங்கியது. நான் சைக்கிளில் போனேன்.

கடற்கரைக்குக் கிட்ட வீடு. உப்புக் காற்று தின்றுவிடாதா?

தின்னும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் இதே கதைதான். மேலே பெயிண்டைப் பற்றிப் பயப்படுகிறார்கள், அடியைப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் அதில் கழுவுவதும் உப்புப் பூசுவதும் ஒன்றுதான், குழாய் நீரைப் பாவியுங்கள். ஏ.சி. கண்டென்சரும் பிரேக் குழாய்களும் முதலில் போகும். பிளாஸ்டிக் போர்வையால் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். கூரையும் காற்றோட்டமும் இருந்தால் போர்வையே தேவையில்லை.

எலி வயரைக் கடிக்கிறது என்கிறார்களே, உண்மையா?

அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் இதைச் சிரிப்பாகக் கேட்பதில்லை. வேளாண்மை வெட்டி முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். சூடான எஞ்சின் அதற்குக் கட்டில். ஒரு வயர் சாதாரணக் காரில் ஐந்நூறு ரூபாய் வேலை. இந்தக் கார்களில் அது எங்கே கடிபட்டது என்று தேடுவதே இரண்டு நாள். இரவில் பொனட்டைத் திறந்து விடுவது எலிக்கு ஒளிவிடம் இல்லாமல் செய்யும், கேட்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் பூனை.

அதே காலத்தில் வீதியில் நெல் காயப்போடுவார்கள். அதன் மேல் ஓட்டினால் பதரும் தூசியும் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் அடைந்துவிடும். அறுவடை முடிந்ததும் முன்பக்கத்தைக் கழற்றி ஊதச் சொல்லுங்கள்.

ஒயில் எத்தனை கிலோமீற்றருக்கு?

கம்பனி பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று சொல்லும். அது ஐரோப்பியக் குளிருக்கும் நெடுஞ்சாலைக்கும் சொன்னது. நம் வெயிலில் ஏழாயிரத்துக்கு மேல் நான் விடுவதில்லை. அதற்குள் வருடம் முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை. பி.எம்.டபிள்யூ எம் வகைக் காரின் எஞ்சினுக்கு 10-60 தரம் என்று எழுதியிருந்தால் அதுவேதான், கடைக்காரர் 'இதுவும் ஒன்றுதான்' என்று தருவது அல்ல. போலி ஒயில் நிறைய ஓடுகிறது. டின்னை வெளியே எறியுமுன் ஓட்டை போட்டு எறியுங்கள், யாரோ நிரப்பி உங்களுக்கே விற்கக்கூடும்.

கியர்பொக்ஸ் ஒயில் 'வாழ்நாள் முழுவதும்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கியர்பொக்ஸைச் செய்யும் இசட்.எஃப். கம்பனியே எண்பதாயிரம் முதல் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்குள் மாற்றச் சொல்கிறது. பிரேக் ஒயில் இரண்டு வருடம், ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஏனென்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

சாமான் எங்கே வாங்குவது?

பாவித்ததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. கண்ணாடி, கதவு, லைட், சீட் இவற்றுக்கு நல்லது. ரப்பர், பம்ப், சென்சர் பாவித்ததில் வாங்க வேண்டாம், வேலைக்கூலி இருமுறை கொடுப்பீர்கள். புதிய சாமானுக்கு ஒரு சூட்சுமம்: கார் கம்பனியின் பெட்டியில் வருவதைப் பெரும்பாலும் செய்வது போஷ், மாஹ்லே, லெம்ஃபோர்டர், சாக்ஸ் போன்றவர்கள்தான். அவர்களின் பெட்டியிலேயே வாங்கினால் விலை குறைவு. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னால் விடிய வந்துவிடும்.

உள்ளூர் பாஸ்மாரை நம்பலாமா?

சஸ்பென்ஷன், பிரேக், கூலிங், ஒயில் கசிவு எல்லாம் தாராளமாக. நம் பாஸ்மாரின் கை சுத்தம். அவர்களிடம் இல்லாதது அந்தந்தக் காருக்குரிய செய்முறைத் தாளும் மடிக்கணினியும்தான், அதை நீங்கள் கொண்டுபோங்கள். உதாரணத்துக்கு என் காரில் பற்றரி மாற்றினால் கொம்பியூட்டருக்குப் புதிய பற்றரி என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழைய பற்றரி என்று நினைத்தே சார்ஜ் பண்ணும். கூலன்ட் மாற்றினால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து காற்று எடுப்பது போதாது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்சச் சூட்டிலும் மிகக் குறைந்த காற்றிலும் வைத்து, அக்சிலரேட்டரைப் பத்து வினாடி அழுத்தினால் மின்சாரப் பம்ப் தானாக ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடத்தில் காற்றை வெளியேற்றும். முதன்முறை இதைச் செய்தபோது எங்கள் பாஸ் ஏதோ மாந்திரீகம் போலப் பார்த்தார். இப்போது அவர்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறார்.

வழியில் நின்றுவிட்டால்?

நின்றிருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த இரவு, வெலிகந்தை தாண்டிப் புணானைக்கு வரும் காட்டுத் துண்டில் மஞ்சள் வெப்பமானி விளக்கு, உடனே சிவப்பு. மின்சார வோட்டர் பம்ப். இரண்டு வாரத்துக்கு முன்தான் ஒரு கராஜில் கேட்டிருந்தேன், 'இப்போதைக்கு ஓடும்' என்றார்கள். நானும் காசை மிச்சம் பிடிக்கத் தலையாட்டினேன். யானை கடக்கும் இடம் என்று பலகை போட்ட இடத்திலிருந்து நூறு மீற்றரில் நிறுத்தி, லைட்டைப் போடவா அணைக்கவா என்று தெரியாமல் உள்ளே இருந்தேன். நெல் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, 'தம்பி, இதில் நிற்காதே, முன்னால் ஆமிப் பொயிண்ட் இருக்கு' என்று கயிறு கட்டி இழுத்துப்போய் விட்டார். காசு வாங்கவில்லை. கார் என்ன விலை என்று கேட்டதற்கு, விலையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து: சிவப்பு விளக்கு வந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கரியர் லொறிக்காரர் இரண்டு பேரின் இலக்கம், டோர்ச், தண்ணீர் எப்போதும் காரில். ஸ்பெயார் சக்கரம் இல்லாத ரன்ஃபிளாட் டயர் என்றால், காற்றுப் போனபின் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம் தாங்கும். ஹபரணையில் பஞ்சர் ஆனால் மட்டக்களப்பு வராது.

வேகமாக ஓட்ட இடம் உண்டா?

ஊருக்கு வெளியே கார்களுக்கு 70, ஊருக்குள் 50, அதிவேகப் பாதையில் 100. அதிவேகப் பாதை ஒன்றும் இந்தப் பக்கம் இல்லை. இரவில் ஏறாவூர் தாண்டினால் நடு வீதியில் மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு, கறுப்புத் தார். இந்தக் காரின் சந்தோஷம் ஒரு பஸ்ஸை முந்தும் மூன்று வினாடியில் இருக்கிறது. எனக்கு அது போதும். போதாதவர்கள் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லமாட்டேன், அது இன்னும் ஆபத்து.

காப்புறுதி?

முழுக் காப்புறுதி. பெறுமதியைக் குறைத்துச் சொல்லிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள், கோரும்போது அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வெள்ளத்துக்கும் இயற்கை அழிவுக்கும் சேர்த்துத்தான் தருகிறார்களா என்று எழுத்தில் பாருங்கள்.

விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

வாங்க ஆளைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் எடுக்கும், அவரும் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வருவார். ஆகவே ஒவ்வொரு பில்லையும், மாற்றிய பழைய சாமானின் படத்தையும், மாற்றிய அன்றைய கிலோமீற்றரையும் ஒரு கோப்பில் வையுங்கள். என் கோப்பு இப்போது இரண்டு விரற்கடைத் தடிப்பு. காரைப் பார்க்குமுன் அதைக் கேட்கும் ஆள் வந்தால் விலையில் கொஞ்சம் இறங்குவேன்.